சைக்கிளில் ஒரு சரித்திரப் பாடம்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

முன்னுரை

விடுமுறை என்றதும் நம் மனம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறது. பிரான்சு நாட்டிலோ, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பழைய ஊர்களின் வழியாக இரண்டு மூன்று நாள் சைக்கிளில் சுற்றி வருவது பலருக்கும் உகந்த விடுமுறை. அங்குள்ள செயின்ட் எமிலியான் என்னும் ஊரையும் அதைச் சூழ்ந்த திராட்சைத் தோட்டங்களையும் சேர்த்தே யுனெஸ்கோ 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றது. பயிரும் பழைமையும் அருகருகே வாழ்வதே அதன் சிறப்பு. அத்தகைய பாதை ஒன்று நம் காட்பாடியிலிருந்தே தொடங்குகிறது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதையும் வண்டியும்

காட்பாடியிலிருந்து சேர்க்காடு வழியாகத் திருவலம், மீண்டும் சேர்க்காட்டுக்கு வந்து வடக்கே மேல்பாடி, வள்ளிமலை, அங்கிருந்து காட்பாடி. மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பொங்கல் விடுமுறையில் நண்பர்கள் நால்வர் இதை இரண்டு நாளில் முடித்தோம். நால்வருடையதும் பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டிகளே.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். சமதரையில் நடப்பதற்குச் செலவாகும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டே அதே தூரத்தைச் சைக்கிளில் கடந்து விடலாம். ஆகவே உடல் வலிமை குறைந்தவர்களும் இப்பயணத்திற்கு அஞ்ச வேண்டியதில்லை. காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், தண்ணீர் ஆகியவை போதும். கோயில்களில் நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். எனவே விடியற்காலையில் புறப்படுவது நலம்.

பிரான்சில் திராட்சை என்றால் நமக்குக் கரும்பு. திருவலம் செல்லும் வழியில் அம்முண்டியில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அதற்கு அப்பால் பொன்னையாற்றங்கரையில் திருவலம்.

திருவலம்: கல்லில் பதிந்த கிரகணம்

திருவலத்து வில்வநாதேசுவரர் கோயில் சம்பந்தரால் பாடப்பெற்ற தலம். பல்லவர் காலத்தில் இது வாணர் என்னும் குறுநில மன்னரின் ஊராக விளங்கியது. நந்திவர்மனின் 17-ஆம் ஆட்சியாண்டில் இங்கு வெட்டப்பட்ட கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுவாருக்கு அளிக்க வேண்டியதைக் கூறுகிறது. இராசராசன் பிறப்பதற்கு முன்பே இவ்வூரில் தேவாரம் பாட ஆள் வைத்திருந்தார்கள் என்பது இதனால் விளங்கும்.

அறிவியல் மாணவர்கள் அறிய வேண்டிய கல்வெட்டு வேறொன்று. அது முதலாம் இராசராசனின் 7-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஐப்பசி விஷுவும், ரேவதி நட்சத்திரமும், முழுநிலவும், சந்திர கிரகணமும் ஒன்றுகூடிய நாள் என்று அது நாளைக் குறிக்கிறது. ஆண்டு எண் ஏதும் இல்லை. ஆயினும் இந்நான்கும் ஒரே நாளில் அமைவது மிக அரிது. கீல்ஹார்ன் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் பின்னோக்கிக் கணக்கிட்டு, அந்நாள் கி.பி. 991 செப்டம்பர் 26 என்று கண்டார்.

இனி நாமே கணக்கிடலாம். 991 செப்டம்பரில் ஏழாம் ஆண்டு நடக்கிறது என்றால், அதற்குள் ஆறு ஆண்டுகள் முழுமையாக முடிந்திருக்க வேண்டும். ஏழு முடிந்திருக்கக் கூடாது. ஆகவே இராசராசன் அரியணை ஏறியது 984 செப்டம்பருக்கும் 985 செப்டம்பருக்கும் இடையில். பிற கல்வெட்டுகளின் துணையால் அது 985-இன் நடுப்பகுதி என்று பின்னர் முடிவாயிற்று. பாடநூலில் நாம் மனப்பாடம் செய்யும் 985 என்னும் ஆண்டுக்கு நம்மூர்க் கல் ஒன்றும் சாட்சி!

என் தந்தையார், சேர்க்காட்டை அடுத்த எங்கள் சிற்றூரிலிருந்து இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்குப் பல ஆண்டுகள் இதே திருவலம் வழியாகச் சைக்கிளில் சென்று வந்தவர். எழுதப் படிக்க அறியாதவர். இந்தக் கிரகணக் கணக்கை அவரிடம் கூறியபோது, "தினமும் அந்தக் கோயிலைத் தாண்டித்தானே போனேன்! ஒருத்தரும் சொல்லலையேப்பா" என்றார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சொல்ல வேண்டியவர்கள் இனி நாம்தாம் என்று எனக்குத் தோன்றியது.

மேல்பாடியும் வள்ளிமலையும்

அன்றிரவு மேல்பாடிப் பக்கத்து நண்பன் வீட்டில் தங்கினோம். அவன் தாயார் இட்ட களியும் கீரைக் குழம்பும் மறக்க முடியாதவை.

மேல்பாடியில் இராசராசன் தன் பாட்டனார் அரிஞ்சயன் நினைவாக எடுப்பித்த பள்ளிப்படைக் கோயில் உள்ளது. அரிஞ்சயன் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்' எனக் கல்வெட்டில் குறிக்கப்படுகிறான். பள்ளிப்படை என்பது இறந்தோர்க்கு எழுப்பும் கோயில். பக்கத்திலேயே சோமநாதர் கோயிலும் இருக்கிறது. இராசராசனின் சிறப்புப் பெயரால் இவ்வூர் இராசாசிரயபுரம் என்றும் வழங்கியது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய கை, காவிரிக்கு வெகு தொலைவில், பொன்னையாற்றங்கரையிலும் ஒரு சிறு கோயிலைக் கட்டியிருக்கிறது.

வள்ளிமலையில் முருகன் கோயிலைக் காண வருவோர் பலர். அம்மலையிலேயே சமணர் குகையும் தீர்த்தங்கரர் சிற்பங்களும் இருப்பதைக் காண்போர் சிலரே. அக்குகையை அமைத்தவன் கங்க மன்னன் இராசமல்லன் என்று கன்னடக் கல்வெட்டு கூறுகிறது. ஒரே மலையில் இரு சமயங்களும் இரு மொழிகளும்!

முடிவுரை

1899-இல் ஹூல்ட்ஸ் என்பார் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியின் முதற்பகுதி, ஐந்தே ஐந்து ஊர்களின் கல்வெட்டுகளைக் கொண்டது. அவற்றுள் இரண்டு மேல்பாடியும் திருவலமும். நம் கல்லூரி மாணவர் பலர் இவ்விரண்டு ஊர்களின் வழியே நாள்தோறும் பேருந்தில் வருகின்றனர்.

ஆண்டுக்கொரு முறை, வரலாற்றுத் துறையும் அறிவியல் துறைகளும் இணைந்து இப்பாதையில் ஒரு சைக்கிள் பயணம் நடத்தலாம். கல்வெட்டின்மீது சுண்ணாம்பும் எண்ணெயும் படாமல் காக்க ஊராரிடம் எடுத்துச் சொல்லலாம். பெருஞ்செலவு ஒன்றுமில்லை; வண்டி நம்மிடமே இருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் ஆவன செய்வார்களாக.