மணலில் இறங்கும் விமானம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அந்த வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். வெண்மணல், பின்னால் கடல். இரட்டை இன்ஜின் விமானம் ஒன்று நீர் தெறிக்க மணலில் இறங்கி, கரையோரத்தில் நிற்கும் ஒரு சின்னக் கட்டடத்தை நோக்கி உருண்டு வரும். கீழே 'உலகின் மிக ஆபத்தான விமான நிலையம்' என்று எழுதி, வாயைப் பிளந்த பொம்மை முகங்கள் நாலைந்தைப் போட்டிருப்பார்கள். இடம் ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள பாரா தீவு. 1936 முதல் அந்தக் கடற்கரைதான் அங்கே விமான நிலையம். கிளாஸ்கோவிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

வீடியோ பொய்யில்லை. அதற்குக் கீழே நடக்கும் விவாதத்தில்தான் கதைகள் கலந்துவிடுகின்றன.

நம்பிக்கை: மணலில் விமானத்தை இறக்குவது உயிரைப் பணயம் வைக்கும் சாகசம்.

கடற்கரையில் வெறுங்காலோடு நடந்த எவருக்கும் இது தெரியும்: காய்ந்த மணலில் கால் புதையும், அலை வடிந்த ஈரமணலில் தடம்கூடச் சரியாக விழாது. பாராவில் விமானம் இறங்குவது இந்த இரண்டாவது வகை மணலில். அகன்ற, ஆழமில்லாத விரிகுடா அது. ஓதம் வற்றியதும் இறுகிய தரை வெளியே வரும். அதில் மட்டிகள் நிறைந்து கிடக்கும். மரக்கம்பங்களை அடையாளமாக நட்டு, முக்கோண வடிவில் மூன்று ஓடுபாதைகளை வகுத்திருக்கிறார்கள். ஓதம் ஏறினால் மூன்றும் கடலுக்குள். அதனால் விமான நேரத்தை ஓதத்தைப் பார்த்துத்தான் போட முடியும். ஓத நேரமோ நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று புறப்பட்ட நேரத்துக்கே அடுத்த வாரமும் புறப்படும் என்று எண்ணக் கூடாது.

அங்கே வருவது ட்வின் ஆட்டர். கனடாவில் பிறந்து 1965இல் முதன்முதலாகப் பறந்தது. 19 பேர் உட்காரலாம். சக்கரம் உள்ளே மடங்காது, மெதுவாக வந்து குறைந்த தூரத்தில் நின்றுவிடும். மாலத்தீவில் சக்கரத்துக்குப் பதில் மிதவை மாட்டிக்கொண்டு ரிசார்ட்டுகளுக்கு ஆள் ஏற்றிப்போவதும் இதே விமானம்தான். கரடுமுரடான இடங்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டியை அதற்குரிய இடத்தில் ஓட்டுவதில் சாகசம் என்ன இருக்கிறது? பாராவில் தீராத தலைவலி உப்பு. உலோகத்தை அரித்துவிடும். இறங்குவதைப் படம்பிடிக்கிறவர்கள், அதன்பின் விமானத்தை நல்ல தண்ணீரில் கழுவுவதைப் படம்பிடிப்பதில்லை.

நம்பிக்கை: காற்று பலமாக அடித்தால் சிறு விமானம் பறக்கக் கூடாது.

எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும். மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் இறங்க வரும் விமானத்துக்கு நேர் எதிரே 40 கி.மீ. காற்று வீசினால், அது தரையைத் தொடுவது 90 கி.மீ. வேகத்தில்தான். ஓடும் தூரமும் சுருங்கும். விமானிக்கு அது வரம். பக்கவாட்டில் அடிக்கும் காற்றுதான் தொல்லை. ஒன்று ஒத்துவராவிட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் பாராவில் மூன்று திசையில் மூன்று பாதை. மேகம் தாழ்ந்து கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகும் நாள்தான் விமானியை யோசிக்கவைக்கும். காற்றே இல்லாத அமைதியான காலையில் பனிமூட்டத்தால் விமானம் ரத்தாவதும் உண்டு. வெளியே நின்று பார்க்கிறவருக்கு அது புரியாது. 'இலைகூட அசையவில்லை, ஏன் கேன்சல்?' என்று சண்டைக்குப் போவார்.

நம்பிக்கை: இன்ஜின் நின்றால் கல்போல விழும்.

இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பயம் வீண் என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கை. இன்ஜின் முன்னால் இழுக்கிறது, அவ்வளவுதான். பயிற்சிப் பள்ளிகளில் காணும் ஒற்றை இன்ஜின் செஸ்னா 172, 1,000 மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்றுபோனால் காற்றில்லாத நாளில் 9 கி.மீ. அளவுக்குச் சறுக்கிக்கொண்டே போகும். தரைக்கு மேல் என்றால் ஏதாவது வயல் கிடைக்கும். கடலுக்கு மேல் தாழப் பறந்தால் கரை எட்டாமல் போகலாம். அதனால்தான் தீவுக்குப் பறக்கும் தனியார் விமானிகள் முடிந்தவரை உயரே ஏறிக்கொண்டு கடலைக் கடப்பார்கள், உயிர்காப்பு உடையைப் புறப்படும்போதே அணிந்துகொள்வார்கள். நெருக்கடியில் விமானத்தின் சின்ன அறைக்குள் அதை எடுத்து மாட்ட இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. ஆனால் உள்ளே இருக்கும்போதே காற்றடைத்துவிடக் கூடாது. தண்ணீர் உள்ளே வந்தால் அதுவே ஆளைக் கூரையோடு அழுத்திவிடும். வெளியே வந்த பிறகே காற்றடைக்க வேண்டும்.

சரி, இன்ஜின்தான் முதல் எதிரியா? 2005 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் காம்பெல்டவுனுக்கு நோயாளி ஒருவரை ஏற்றிவரப் போன ஐலாண்டர் வகைச் சிறு ஆம்புலன்ஸ் விமானம் இரவில் கடலில் விழுந்தது. விமானியும் உடன்போன மருத்துவ உதவியாளரும் இறந்தார்கள். இன்ஜின் பழுதென்று விசாரணையில் வரவில்லை. இருட்டில், மோசமான வானிலையில், தனி ஆளாக ஓட்டிய விமானி குறித்த உயரத்துக்குக் கீழே இறங்கிப்போனதை உணரவில்லை. தீவுப் பறத்தலைப் பற்றி நாம் பயப்பட வேண்டியது இதற்குத்தான்: இரவு, மேகம், களைப்பு, 'எப்படியாவது போயாக வேண்டும்' என்ற நெருக்குதல். இவை எதுவும் வீடியோவில் தெரியாது.

நம்பிக்கை: உலகின் மிகக் குறுகிய விமானப் பயணம் சுற்றுலாக்காரர்களுக்கான வேடிக்கை.

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேவுக்கும் பாப்பா வெஸ்ட்ரேவுக்கும் இடையே 2.7 கி.மீ. தூரம். லோகன்ஏர் நிறுவனம் 1967இல் தொடங்கிய சேவை. அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கும். காற்று கைகொடுத்தால் அதற்குள்ளேயே முடிந்துவிடும். சாதனை 53 விநாடி. அதில் பறந்ததற்குத் தரும் சான்றிதழுக்காக ஏறுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், நானும் வாய்ப்புக் கிடைத்தால் ஏறுவேன். ஆனால் பாப்பா வெஸ்ட்ரேவில் நூறு பேர்கூட இல்லை. அவர்களுக்கு ஆசிரியரும் மருத்துவரும் வருவதும், கண் காட்டவும் பல் பிடுங்கவும் அவர்கள் பெரிய தீவிலுள்ள கர்க்வாலுக்குப் போவதும் இந்த விமானத்தில்தான். நமக்கு டவுன் பஸ் எதுவோ, அவர்களுக்கு அங்கே ஓடும் ஐலாண்டர் அது. துணை விமானி கிடையாது, அவர் இருக்கையில் பயணி ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆள் குறைச்சல் என்று பயப்பட வேண்டாம். அந்தச் சேவை நடக்கும் முறையே அதுதான்.

மருத்துவத்துக்காகத் தீவுக்கு விமானம் வருவது நேற்று வந்த வசதியும் இல்லை. 1933 மே மாதத்திலேயே ஐலா தீவிலிருந்து நோயுற்ற மீனவர் ஒருவரை கிளாஸ்கோ பக்கம் விமானத்தில் கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்தின் விமான ஆம்புலன்ஸ் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம்பிக்கை: ஏறும்போது எடை கேட்பது அவமானப்படுத்தத்தான்.

எட்டுப் பேர் ஏறும் விமானத்தில் ஒருவர் 60 கிலோவா 100 கிலோவா என்பது கணக்கை மாற்றும். எவ்வளவு எரிபொருள், யார் முன்னால், யார் பின்னால், பெட்டி வருமா வராதா எல்லாம் அதைப் பொறுத்தது. குறைத்துச் சொல்லாதீர்கள்.

பாராவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கடற்கரையில் காற்றுத் திசை காட்டும் பை பறந்துகொண்டிருந்தால் மணலில் இறங்கக் கூடாது. அந்த நேரத்தில் அது ஓடுபாதை. திரும்பும் நாளன்றே கிளாஸ்கோவிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். பனிமூட்டத்தால் பாரா விமானம் ரத்தாகலாம், நடுவில் ஒரு நாளாவது விடுங்கள்.