கோவலனைக் காப்பாற்றப் போகிறவர்களுக்கு

சோகக் காப்பியங்களுக்கு வேடிக்கையாகச் சுபமுடிவு எழுத ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்குச் சில வார்த்தைகள்:

1. மூலத்தைப் படியுங்கள். ‘பூம்புகார்’ படம் பார்த்தது போதாது. கதைதான் தெரியுமே என்று உட்கார்ந்தால் கடைசிக் காட்சி மட்டும்தான் கையில் சிக்கும்.

2. வானத்திலிருந்து தெய்வத்தை இறக்காதீர்கள். ஆசிரியரே உள்ளே போட்டுவைத்ததைத் தேடி எடுங்கள். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். ஆளைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லை. பொற்கொல்லன் விடுவானா? மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று திருடர்களின் எட்டுத் துணைகளையும் பாடமே நடத்துகிறான். பக்கத்தில் ஒரு குடிகாரனை வாளோடு நிறுத்தியிருக்கிறார் இளங்கோ. அவன்தான் வெட்டுகிறான். நான் எழுதினால், தந்திரம் வருவதற்குள் அவன் சுவரில் சாய்ந்து குறட்டை விடுவான். கருவி வரை கேட்டு முடித்த இன்னொரு காவலன் தலையைச் சொறிந்தபடி, “அது சரி ஐயா, இவ்வளவும் உமக்கு எப்படித் தெரியும்?” என்பான். அவ்வளவுதான், காப்பியம் திசைமாறிவிட்டது. புது ஆள் ஒருவரும் உள்ளே வரவில்லை, கவனித்தீர்களா?

3. பிழைத்தவனைச் சும்மா விடக்கூடாது. கோவலன் மாதரி வீட்டுக்குத் திரும்பட்டும். பலாக்காயும் வெள்ளரியும் சமைத்துப் போட்ட கண்ணகி, மாதவி கணக்கை இனி நிதானமாகக் கேட்கலாம். வாளுக்குத் தப்பியவன் இதற்கு என்ன செய்வான்? இந்த இடத்தில் அவசரப்படாமல் எழுதுங்கள்.

4. சாவை எடுக்கும்போது சிரிப்பும் சேர்ந்து போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1681இல் நேஹம் டேட் என்பவர் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனைப் பிழைக்கவைத்து, கார்டீலியாவை எட்கருக்குக் கட்டிக்கொடுத்தார். கிண்டலுக்காக அல்ல, மெய்யாகவே! கூடவே விதூஷகனை நாடகத்திலிருந்தே தூக்கிவிட்டார். அந்தப் பாவப்பட்டவன் மேடைக்குத் திரும்ப 1838 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

5. விளைவுகளையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். மதுரை எரியாவிட்டால் செங்குட்டுவனுக்கு இமயத்தில் வேலையில்லை. கனக விசயரும் தலையில் கல் சுமக்காமல் வடக்கே நிம்மதியாக இருப்பார்கள். சிலம்பு படித்தவர்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்துச் சிரித்துக்கொள்ளட்டும்.