கறுப்பு ஊசி எங்கே இருந்தது?

தம்பிக்கு,

மாமல்லபுரத்துக்கு வந்த ஜெர்மன்காரர்களின் கேம்பர் வண்டி பற்றி நீ எழுதி அனுப்பிய ஒன்பது பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவை, இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். பத்திரிகையில் போட்டுவிட்டேனே என்று வருத்தப்படாதே, உன் பேரோ கடைப் பேரோ இதில் இல்லை.

பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் போட்டது, பெல்ட் பார்த்தது, வீட்டுச் சாமானுக்கான இரண்டாவது பேட்டரியின் ரிலேயைக் கழற்றி வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தது எல்லாம் சரி. அதற்குள் நான் போகவில்லை.

மூன்றாம் பக்கத்துக்கு வா. ‘ஹெட்லைட் போட்டு ஆல்டர்னேட்டரில் 13.4, பேட்டரியில் 13.2. ஆல்டர்னேட்டர் வீக்.’ சிவப்பு ஊசி பி பிளஸ்ஸில் இருந்தது, சரி. கறுப்பு ஊசி எங்கே இருந்தது? ஒன்பது பக்கத்திலும் ஒரு இடத்தில்கூட நீ அதை எழுதவில்லை. மீட்டர் காட்டுவது இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசத்தை. அதில் ஒரு இடத்தை மட்டும் எழுதுவது, கடன் வாங்கியவன் பேரை விட்டுவிட்டுத் தொகையை மட்டும் எழுதி வைத்த நோட்டு மாதிரி. வசூலுக்கு யார் வீட்டுக்குப் போவாய்?

நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். பின்கதவுப் பக்கம் எட்டின ஏதோ ஒரு பாடி போல்ட்டில் வைத்திருப்பாய். ஆல்டர்னேட்டரின் கூட்டிலேயே வைத்திருந்தால் 14.1 வந்திருக்கும். அங்கேயே வேலை முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக இறக்கி, டயோடு தட்டு மாற்றி, ஏற்றி, மறுபடி 13.4 பார்த்து, ரெகுலேட்டரும் மாற்றி, மூன்றாம் நாள்தான் வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறாய்.

அந்த மாடல் ஃபோக்ஸ்வேகனில் எஞ்சின் பின்னால், பேட்டரி முன் சீட்டுக்கு அடியில். எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆல்டர்னேட்டர் கொடுக்கிற கரண்ட் முழுவதும் திரும்பி வர, கியர்பாக்ஸ் மூக்கிலிருந்து பாடிக்குப் போகிற ஒரு பின்னல் எர்த் பட்டைதான் வழி. முப்பது வருஷத்துக்கு மேல் பழசு, போதாததற்குக் கடற்கரை உப்புக்காற்று. பட்டையின் நுனியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். ரெகுலேட்டர் உட்கார்ந்திருப்பது ஆல்டர்னேட்டரின் முதுகில். தன் கூட்டுக்கும் தனக்கும் நடுவில் 14.1 இருந்தால் அதன் கணக்கு நேர். நடுவழியில் 0.7 வோல்ட்டைப் பட்டை தின்றால் அதற்கு எப்படித் தெரியும்?

‘பஸ்ஸர் வைத்துப் பார்த்தேன், எர்த் நன்றாக இருக்கிறது’ என்று நாலாம் பக்கத்தில் ஒரு வரி. அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். 35 ஆம்பியர் ஓடும்போது 0.7 வோல்ட் விழுகிறதென்றால் தடை 0.02 ஓம். உன் மீட்டரின் ஊசி ஒயருக்கே அதைவிட அதிகம் இருக்கும். நாலு இழை மிஞ்சியிருந்தாலும் பஸ்ஸர் கத்தும். எர்த்தைச் சும்மா வைத்துக்கொண்டு சோதிக்க முடியாது, பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டையும் ஹீட்டர் ஃபேனையும் போட்டு, ஒரு ஊசி ஆல்டர்னேட்டர் கூட்டில், இன்னொன்று பேட்டரி மைனஸ் கம்பத்தில். 0.2-க்கு மேல் போனால் வழியில் ஏதோ கெட்டிருக்கிறது.

சார்ஜ் விளக்கு அணைந்திருந்ததை நம்பி ஒரு நாள் போயிருக்கிறது. அந்த விளக்குக்கு இரண்டு பக்கமும் பிளஸ்தான் அப்பா. எர்த்தில் நடப்பதை அது பார்க்கவே பார்க்காது.

நான் இப்படிக் கத்துவதற்குக் காரணம் உண்டு. மதுரையில் நான் வேலை கற்றுக்கொண்ட கடை முழுக்க அம்பாசடரும் டைனமோவும் கட்அவுட் பெட்டியும்தான். சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க, ஓடுகிற எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவோம். எஞ்சின் நிற்காவிட்டால் டைனமோ நல்லது. ஆல்டர்னேட்டர் வந்த காலத்தில் நானும் அதே கைப்பழக்கத்தில் ஒரு வேனில் கழற்றினேன். டயோடுகள் போயின. எட்டு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அந்த முதலாளிக்கு மீட்டர் வாசிக்கத் தெரியாது. ஆனால் செல்ஃப் அடித்த கையோடு ஒவ்வொரு ஜாயிண்டாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டே போவார். சுட்ட இடத்தில் நின்று உப்புத்தாள் கேட்பார். அவர் விரல் மூட்டுகளில் வாழ்நாள் முழுவதும் கொப்புளத் தழும்பு இருந்தது. அந்தக் கையிடம் இருந்ததில் பாதி உன் ஆயிரத்தைந்நூறு ரூபாய் மீட்டரிடம் இல்லை.

சரி, அந்த இரண்டாவது பக்கம். ‘ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகியிருந்தது. வெளி உறை உருகின மாதிரி இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. புதுசு போட்டேன்.’

ஏன் என்று சொல்கிறேன். எர்த் பட்டை கெட்டால் செல்ஃப் இழுக்கிற 200 ஆம்பியர் வீட்டுக்குப் போக வேறு வழி தேடும். எஞ்சினையும் பாடியையும் தொடுகிற இரும்பு வேறெது? கியர் ராடு, ஆக்சிலரேட்டர் கேபிள். கேபிள் சுட்டது, உறை உருகியது. முழு விடையும் முதல் நாளே உன் கையில் இருந்திருக்கிறது.

தம்பி, தனக்குப் புரியாததை மறைக்காமல் எழுதி வைக்கிற எலக்ட்ரீஷியனை என் ஐம்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை. புரியாததை விட்டுவிட்டு, புரிந்ததை மட்டும் பெருமையாகச் சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் பிழைத்தோம். அந்த ஒரு வரிக்காக மீதி எட்டரைப் பக்கத்தையும் மன்னித்துவிட்டேன்.

இனி அனுப்பும் குறிப்பில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் கறுப்பு ஊசியின் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படிக்காமல் திருப்பி அனுப்புவேன். இன்னொன்று. கழற்றின ரெகுலேட்டரில் பிரஷ் 9 மில்லி இருந்ததாக எழுதியிருக்கிறாய். 5 மில்லி வரை ஓடும். கழிவுப் பெட்டியில் போட்டிருந்தால் தேடி எடு. நல்ல சாமான் அது. அவர்கள் கிளம்புவதற்குள் வண்டியில் வைத்துக் கொடுத்துவிட்டு, புதுசுக்கு வாங்கின பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிடு.