ஒட்டிய பழைய விரிப்பை அகற்றும் முறை: நோயாளர் வீடு திரும்பும் முன் அறிய வேண்டியவை

அறுவைச் சிகிச்சை முடிந்தோ, பக்கவாதத்திலிருந்து தேறியோ ஒருவர் வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது, குடும்பத்தார் வீட்டைத் தூய்மை செய்யத் தொடங்குகின்றனர். அப்போது பலர் கண்ணில் முதலில் படுவது, கூடத்துத் தரையில் பசையிட்டு ஒட்டப்பட்ட பழைய விரிப்பேயாகும். ஓரங்கள் சுருண்டிருக்கும், நடுவே உப்பியிருக்கும், அடியில் ஈர வாடை வீசும். "நாளை அப்பா வருகிறார், இன்றிரவே இதைக் கிழித்தெறிந்து விடுவோம்" என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அவ்விரிப்பு பல ஆண்டுகளாகத் தந்த தொல்லையைக் காட்டிலும், அதை அவசரமாகப் பெயர்க்கும் ஓரிரவில் எழும் தூசும் ஆவியும் நோயாளருக்குக் கூடுதல் தீங்கு செய்யக்கூடும். எனவே எப்போது, எதைக் கொண்டு, எவ்வாறு அகற்றுவது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

அகற்றுவது ஏன்?

நம் பகுதியில் கார்பெட் என்னும் சொல் இரண்டு பொருள்களைக் குறிக்கிறது. ஒன்று, இழைகளாலான மெத்தை போன்ற விரிப்பு. மற்றொன்று, கடைகளில் சுருளாக வைத்து அளந்து விற்கப்படும் வினைல் விரிப்பு. இழை விரிப்பில் தூசிப் பூச்சிகள் வாழ்கின்றன. அவை கண்ணுக்குப் புலப்படாதவை. மனிதத் தோலிலிருந்து உதிரும் செதில்களை உண்டு, காற்றின் ஈரத்தைக் கொண்டு உயிர் வாழ்பவை. அவற்றின் கழிவு ஆஸ்துமாவைத் தூண்டும். வினைல் விரிப்பின் அடியிலோ, தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கிப் பூஞ்சை வளர்கிறது.

இரண்டுக்கும் பொதுவான தீங்கு தடுக்கி விழுதல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்ததன் விளைவாக உயிரிழக்கின்றனர். காலை இழுத்து நடப்பவருக்கும், நடைச்சட்டம் பிடித்து நடப்பவருக்கும் அரை அங்குலச் சுருளே போதும்.

முதலில் நாளைக் குறியுங்கள்

இப்பணியை நோயாளர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுவது நலம். அவ்வளவு காலம் இல்லையெனில், விரிப்பை இப்போது பெயர்க்காதீர்கள். சுருண்ட ஓரத்தை அகலமான ஒட்டு நாடாவால் தரையோடு அழுத்தி ஒட்டுங்கள். நோயாளர் நடக்கும் வழியிலிருந்து கட்டிலையும் நாற்காலியையும் விலக்கி வையுங்கள். பின்னர் அவர் சில நாள் உறவினர் வீட்டில் தங்கும்போது பணியைத் தொடங்கலாம். பாதி பெயர்த்துப் பாதி விட்ட தரை, பழைய விரிப்பைவிட ஆபத்தானது.

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளோரும், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும், கருவுற்றோரும், கைக்குழந்தைகளும் பணி நடக்கும் வீட்டில் இருத்தல் கூடாது. பூஞ்சை விதைகள் காற்றில் பரவினால், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரின் நுரையீரலில் தொற்று உண்டாகலாம்.

பசையை அறிதல்

பட்டுப் பாவுக்குக் கஞ்சி போடும் ஊரில் இதை விளக்குவது எளிது. கஞ்சி நீரில் இளகும், அரக்கு இளகாது. விரிப்புப் பசையிலும் இவ்வாறே வகைகள் உள்ளன. பீரோவுக்குப் பின்புறம் போன்ற மறைவான இடத்தில் ஒரு சாண் அளவு விரிப்பை வெட்டி எடுத்து, தரையில் எஞ்சிய பசைமேல் வெந்நீரில் நனைத்த துணியை 15 முதல் 20 நிமிடம் போட்டு வையுங்கள். பசை வெளுத்துக் குழைந்தால் அது நீரில் இளகும் வெள்ளைப் பசை. நீருக்கு அசையாமல், தேய்த்தால் ரப்பர் போல உருண்டு வந்தால் அது ரப்பர் பசை. கறுத்து, நொறுங்கும் தன்மையோடு இருந்தால் அது தார் சார்ந்த பசை.

வேண்டிய கருவிகள்

பணம் மிகுதியாகச் செலவிட வேண்டியதில்லை. புதிய அலகிட்ட கட்டர் கத்தி, குறடு, சுவருக்குப் பட்டி பூசுவோர் பயன்படுத்தும் நான்கு அங்குலப் பட்டித் தகடு, நீண்ட பிடியுள்ள சுரண்டி, நீர் தெளிப்பான், தலைமுடி உலர்த்தும் கருவி ஆகியவை போதும். தடித்த கையுறை, மூடிய காலணி, கண்ணாடி, என்95 முகக்கவசம் ஆகியவற்றை அணிந்துகொள்ளுங்கள். முகக்கவசம் தூசைத் தடுக்கும். கரைப்பான்களின் ஆவியைத் தடுக்காது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

செய்முறை

1. முன்கதவையும் பின்கதவையும் திறந்து வையுங்கள். இருபுறமும் பொதுச்சுவர் கொண்ட நீண்ட வீடுகளில் காற்றோட்டத்துக்கு இதுவே வழி. மற்ற அறைகளின் கதவுகளை மூடி, இடுக்குகளில் ஈரத்துணி வையுங்கள்.

2. விரிப்பின் மீது நீரை இலேசாகத் தெளியுங்கள். தூசு எழாமல் இருக்கும் அளவே போதும். நீர் தேங்கக் கூடாது.

3. ஓர் அடி அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். முழு விரிப்பையும் ஒரே மூச்சில் இழுப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள நேரிடும்.

4. ஒரு மூலையைக் குறடால் பற்றி, மேல்நோக்கி இழுக்காமல் பின்னோக்கி மடித்து, தரையை ஒட்டியவாறு இழுங்கள். வராத இடத்தில் தகட்டைச் சாய்வாக நுழைத்துப் பசையை அறுங்கள்.

5. ஒவ்வொரு பட்டையையும் உடனே சுருட்டிக் கட்டி வெளியே வையுங்கள்.

6. எஞ்சியது வெள்ளைப் பசையாயின் வெந்நீர்த் துணியால் இளக்கிச் சுரண்டுங்கள். நீர் தெளித்த இடம் நன்கு உலர்ந்த பின், ரப்பர் பசையை முடி உலர்த்தியின் சூட்டால் கையகல இடமாக இளக்கிச் சுரண்டுங்கள். தீச்சுவாலையைக் காட்டாதீர்கள், வினைல் கருகினால் நச்சுப்புகை எழும்.

தறி உள்ள வீட்டார் கவனத்திற்கு

பிள்ளையார்பாளையத்தில் வாழ்விடமும் தொழிலிடமும் ஒன்றாயிருக்கும் வீடுகள் பல. தறியிலுள்ள பாவையும் சரிகையையும் இரண்டு மடிப்புத் துணியால் மூடுங்கள். நீர் தறிக்குழிக்குள் இறங்காமல் விளிம்பில் துணிச்சுருள் வையுங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்றுண்டு. பசையைக் கரைக்கப் பெட்ரோலோ தின்னரோ ஊற்றுவது சிலரது வழக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலெழுந்து கலையாது. தரையோடு ஊர்ந்து, தாழ்ந்த இடத்தில் தேங்கும். கூடத்தில் மிகத் தாழ்ந்த இடம் தறிக்குழி. மேலே வாடை நீங்கிவிட்டது என்று நம்பி ஒருவர் குழியில் கால் வைத்து அமரும்போதும் அங்கே ஆவி தங்கியிருக்கலாம். பூசை மாடத்து விளக்கோ, அடுப்போ, மின்விசைப்பொறியின் சிறு தீப்பொறியோ அதைப் பற்றவைக்கப் போதும். பட்டும் மரமும் நிறைந்த கூடத்தில் விளைவு யாதென்று சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஆக்சிஜன் கருவி பயன்படுத்துவோர் இருந்தால் அபாயம் இன்னும் பெரிது.

தவிர்க்க வேண்டிய வேறு மூன்று

சிமெண்டுத் தரையை உலர்ந்த நிலையில் இயந்திரத்தால் தேய்க்காதீர்கள். அப்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுக்கும். மெத்திலீன் குளோரைடு கலந்த நீக்கிகளை வாங்காதீர்கள். அது உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறுவதால் இதய நோயாளருக்குப் பேராபத்து. பெயர்த்த வினைலைத் தெருவில் கொளுத்தாதீர்கள். மாநகராட்சித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் 1980களிலும் அதற்கு முன்பும் கட்டப்பட்ட வீடுகளில், விரிப்புக்கு அடியிலுள்ள பழைய வினைல் ஓடுகளிலும் கறுத்த பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அங்கே சோதனை செய்யாமல் சுரண்டக் கூடாது.

முடித்த பின்

துடைப்பத்தால் பெருக்காமல், சவர்க்கார நீரில் நனைத்த துணியால் இருமுறை துடையுங்கள். ஒரு காந்தத்தை நூலில் கட்டித் தரையெங்கும் இழுத்துப் பாருங்கள். கத்தி அலகின் துணுக்கும் சிறு ஆணியும் சிக்கும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குன்றியவருக்கு அத்துணுக்கு குத்தியதே தெரியாது. புண்ணாகிய பின்னரே தெரியவரும். பிசுபிசுப்பு எஞ்சினால் அதன்மேல் முகப்பவுடர் தூவாதீர்கள், வழுக்கும், மீண்டும் சுரண்டுங்கள். கதவுகளைத் திறந்து வைத்து, தரை முற்றும் உலர்ந்து வாடை அறவே நீங்கிய பின்னரே நோயாளரை அழைத்து வாருங்கள். வெறுந்தரையை மறைக்க மீண்டும் தளர்ந்த மிதியடிகளைப் பரப்பாதீர்கள். சமமான, உலர்ந்த, வழுக்காத சிமெண்டுத் தரையே அவருக்குப் போதுமானது.

பாடத்தை நினைவுகூர மூன்று வினாக்கள்

1. நோயாளர் நாளை வருகிறார் எனில் இன்று செய்யத்தக்கது யாது? (ஓரத்தை ஒட்டுதல், பெயர்த்தல் அன்று.)

2. பசையின் வகையை எவ்வாறு அறிவது? (வெந்நீர்த் துணிச் சோதனை.)

3. தறி உள்ள வீட்டில் பெட்ரோல் ஏன் ஆகாது? (கனத்த ஆவி குழியில் தேங்கித் தீப்பற்றும்.)

ஐயம் இருப்பின், நோயாளரை வீட்டுக்கு அனுப்பும் நாளில் செவிலியரிடம் உங்கள் வீட்டுத் தரையைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். மருந்துச் சீட்டைப் போலவே அதுவும் சிகிச்சையின் பகுதியே.