பால், தயிர், மீன் இல்லாமல் ஒரு மாதம்: கொச்சிக்கு வந்த தங்கச்சிக்கு

ஒரு மாதம் வீகனாக இருந்து பார்க்கப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. பாலும் தயிரும் இல்லாமல் பிள்ளை இளைத்துவிடுவாளே என்ற கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. நீ வேலை கிடைத்து வந்திருப்பது வெலிங்டன் தீவுக்கு. பாலத்தைத் தாண்டினால் தோப்பும்படி, அடுத்தது மட்டாஞ்சேரி. இறைச்சி, மீன், முட்டை, பால், நெய் எதையும் தொடாமல் ஐம்பது நாள் சமைத்துச் சாப்பிடத் தெரிந்த வீடுகள் இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. நீ இணையத்தில் பாதாம் பாலும் சோயா சீஸும் தேட வேண்டாம். பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் நோன்புக்கு என்ன சமைப்பார் என்று கேள்.

ஈஸ்டருக்கு முன்னால் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பிடிக்கும் ஐம்பது நோன்பைத்தான் சொல்கிறேன். பேத்ருத்தா ஞாயிற்றுக்கிழமையோடு இறைச்சிக்கும் மீனுக்கும் விடை கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் நோன்பு தொடங்கும். இன்று பல வீடுகளில் இறைச்சி, மீனை மட்டும் விடுகிறார்கள். பாலும் சாயாவும் ஓடும். பழைய முறைப்படி நோற்கிற வீடுகளில் முட்டை, பால், தயிர், நெய்யும் கிடையாது. 1653-இல் இதே கிறிஸ்தவர்கள் போர்ச்சுகீசியருக்கு எதிராகக் கூனன் குரிசு சத்தியம் எடுத்த மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நீ இதைப் புதுப் பழக்கம் என்று நினைத்துப் பயப்படவே வேண்டாம். பக்திக்காக அவர்கள் செய்வதை நீ உன் காரணத்துக்காகச் செய்யப்போகிறாய். அடுப்பில் ஏறுவது ஒன்றுதான்.

அதனால் மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடு. பிப்ரவரி, மார்ச்சில் ஐம்பது நோன்பு வரும். டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி கிறிஸ்துமஸ் வரை இருபத்தைந்து நோன்பும் உண்டு. அந்த நாட்களில் நீ பால் வேண்டாம் என்றால் ஆபீஸில் யாரும் ஏன் என்று துருவமாட்டார்கள். கல்யாணமும் விருந்தும் வரிசையாக இருக்கிற மாதத்தில் தொடங்காதே. முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் விளக்கம் சொல்லி ஓய்ந்துபோவாய்.

கடை விஷயம். 1920-களிலும் 30-களிலும் பொறியாளர் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது காயலில் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு இது. துறைமுகம், கடற்படை, கிடங்கு, ஆபீஸ்கள் உண்டு. நல்ல சந்தை கிடையாது. வேலை முடிந்து வந்து என்ன சமைப்பது என்று யோசித்தால் கடைசியில் பிஸ்கட்டும் பரோட்டாவும்தான் மிஞ்சும். சனிக்கிழமை ஒரு நடை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் போ. கறுப்புக் கொண்டைக்கடலை, வன்பயறு, பாசிப்பயறு, துவரம்பருப்பு, உளுந்து இந்த ஐந்தும் வீட்டில் தீராமல் இருக்க வேண்டும். கேரள ரேஷன் கார்டு கைக்கு வந்துவிட்டால் சப்ளைகோவின் மாவேலி ஸ்டோரில் இந்த ஐந்தும் மானிய விலைப் பட்டியலில் இருக்கின்றன, தேங்காயெண்ணெயும் உண்டு. அதோடு தோல் நீக்காத எள், கேழ்வரகு மாவு, பச்சை நிலக்கடலை வாங்கிக்கொள். வேறு விசேஷச் சாமான் எதுவும் தேவையில்லை.

ஞாயிறு இரவே கடலையையும் வன்பயறையும் தனித்தனியாக ஊறப்போடு. மறுநாள் வேகவைத்துச் சிறு டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால் வாரத்தில் பாதி வேலை முடிந்தது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சத்து எங்கிருந்து வரும்? உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். நீ 55 கிலோ. உனக்கு 46 கிராம் போதும். காலையில் புட்டும் கடலைக்கறியும்: உலர்ந்த கடலை 50 கிராம் என்றால் அதிலேயே பத்து கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மதியம் சோறு, பருப்பு, வன்பயறு போட்ட ஓலன். சாயங்காலம் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. இரவு கஞ்சியும் பயறும், கூட ஒரு சம்மந்தி. சோற்றிலிருந்தும் கொஞ்சம் புரதம் வரும், எல்லாம் சேர்த்தால் கணக்கு 46-ஐத் தாண்டும். ஆனால் வீகன் என்று சொல்லிக்கொண்டு மூன்று வேளையும் தோசையும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிட்டால் தாண்டாது. ஒவ்வொரு வேளையும் தட்டில் ஒரு பயறோ பருப்போ கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கறாராகப் பார்த்துக்கொள்.

கறிக்குப் பஞ்சமே இல்லை. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிய உருளைக்கிழங்கு இஷ்டு. அவித்த கப்பைக்கிழங்குக்கு, சின்ன வெங்காயமும் காந்தாரி மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்துப் பச்சைத் தேங்காயெண்ணெய் ஊற்றிய சம்மந்தி. நாகர்கோவிலில் அம்மா வைக்கிற உள்ளித்தீயல் அப்படியே செல்லும். அதில் பாலோ நெய்யோ எப்போது இருந்தது? அவியலுக்கு இங்கே தயிர் சேர்ப்பார்கள், நீ பச்சை மாங்காய் போடு. மட்டாஞ்சேரியில் செர்லாய் பக்கத்துக் கொங்கணி வீடுகளின் தாளித்தோய் உனக்கு நிச்சயம் பிடிக்கும். துவரம்பருப்பை மசிய வேகவைத்து, தேங்காயெண்ணெயில் கடுகு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் முடிந்தது. பெருங்காயம் மட்டும் தாராளமாக விழ வேண்டும்.

மீன் வாசனைதான் உன்னைச் சோதிக்கும், எனக்குத் தெரியும். தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம். நீ இருக்கிற தீவிலேயே மத்திய மீன் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். மதியம் எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும் மத்தி பொரியும். ஆனால் மீன்குழம்பில் நாம் ஏங்குவது பாதிக்கு மேல் குடம்புளிக்கும் மிளகாய்க்கும் தேங்காயெண்ணெய்க்கும்தான். மண்சட்டியில் சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மஞ்சளும் பச்சை வாசனை போக வறுத்து, ஊறவைத்த குடம்புளி இரண்டு துண்டு போட்டுக் கொதிக்கவிடு. மீனுக்குப் பதில் நேந்திரங்காயும் முருங்கைக்காயும். காய் வெந்த பிறகு கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கு. காலையில் வைத்து இரவு சாப்பிட்டுப் பார். பலாக்கொட்டை வரும் காலமானால் அதையும் மாங்காயையும் சேர்த்து வை. வெளியில் அந்தக் கறியை வாங்கினால் மட்டும் கேட்டுவிட்டு வாங்கு. பலர் அதில் கருவாட்டு இறால் போடுவார்கள். சில சம்மந்திகளிலும் இறால் உண்டு.

வெளியில் சாப்பிடுவதுதான் உண்மையில் கவனம் வேண்டிய இடம். ஊணுக்கு உட்கார்ந்தால் கேட்காமலே மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அதற்கு முன்னால் வாயைத் திற: "மீன், பாலு, தைரு, நெய்யு ஒந்நும் வேண்டா, சேட்டா." சாம்பார், ரசம், தோரன், பப்படம் எடுத்துக்கொள். காளன், புளிசேரி, பச்சடி, கிச்சடி எல்லாம் தயிர், தள்ளிவை. பரோட்டா மாவில் பால், முட்டை சேர்க்கிற கடைகள் உண்டு, கேட்டுப் பார். பழம்பொரியும் பரிப்புவடையும் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சைவ ஓட்டல் என்ற பலகையை மட்டும் நம்பிப் போகாதே. மட்டாஞ்சேரி குஜராத்தி வீதியில் சுத்த சைவச் சாப்பாடு அருமையாகக் கிடைக்கும், ஆனால் ரொட்டிமேல் நெய் பளபளக்கும், கூடவே மோர் வரும். ஓண சத்யா இலையிலும் பாதிக்கு மேல் உனக்கானது. அடப்பிரதமன் தேங்காய்ப்பாலும் வெல்லமும்தான். ஆனால் மேலே தூவுகிற முந்திரியை நெய்யில் வறுப்பார்கள், வேறு எதிலும் நெய் விட்டார்களா என்றும் கேட்டுக்கொள். பாலடை பக்கம் போகாதே.

சாயா உன் பலவீனம். தென்னிந்தியாவில் தேயிலை ஏலம் முதலில் தொடங்கிய இடம் கொச்சி, 1947-இல். இன்றும் ஏல மையம் நீ இருக்கிற தீவில்தான். நல்ல தூள் வாங்கினால் பால் இல்லாததே தெரியாது. மட்டாஞ்சேரிக் கடைகளில் சுலைமானி கேள்: ஏலக்காய் மணக்க, எலுமிச்சை பிழிந்த கட்டன் சாயா, பால் இல்லாதது. தேங்காய்ப்பால் ஊற்றித்தான் குடிப்பேன் என்றால் அடுப்பை அணைத்தபிறகு ஊற்று, இல்லையென்றால் திரிந்துபோகும். ஒன்று முக்கியம்: சாப்பாட்டோடு டீ வேண்டாம். பயறிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது. ஒரு மணி நேரம் இடைவெளி விடு. சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். மாதவிடாய்க்காலத்தில் உனக்கு வருகிற தலைச்சுற்றலை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

கால்சியம் பற்றி ஒன்று. தேங்காய்ப்பால் பாலுக்கு மாற்று என்று நினைத்துவிடாதே. அதில் கால்சியமும் புரதமும் சொற்பம், கொழுப்பு அதிகம். நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 50 கிராம் கேழ்வரகில் 180 மில்லிகிராம் வரை இருக்கும். தோலோடு வறுத்துப் பொடித்த எள் பத்து கிராம் நூற்றுக்கு மேல் கொடுக்கும். கூட ஒரு கட்டு தண்டுக்கீரையோ முளைக்கீரையோ. எள்ளை மிளகாய்ப்பொடியோடு கலந்து வைத்துக்கொண்டால் தோசைக்கும் சோற்றுக்கும் தினமும் ஒரு ஸ்பூன் தானாகவே போய்விடும்.

தயிர் இல்லாமல் சோறு இறங்காது என்பாய். பச்சை நிலக்கடலை ஒரு கப் இரவு ஊறவைத்துத் தோலை உரி. மூன்று கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டு. அடி பிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ஐந்தாறு பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வை. காலையில் உறைந்திருக்கும். முதல் முறை கொஞ்சம் நெகிழ்வாக வரும். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த முறை உறை ஊற்று, கெட்டியாக நிற்கும். கடலை வாசம் இருக்கத்தான் செய்யும். கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய் தாளித்துவிட்டால் தயிர்ச்சோற்றுக்கு அது போதும்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் சைவம், அவ்வளவுதான், பால் இருக்கலாம். பின்பக்கம் மில்க் சாலிட்ஸ், வே, கேசின், கேசினேட் என்ற சொற்கள் இருந்தால் வைத்துவிடு. சாதாரண மாரி பிஸ்கட்டிலும் பிரெட்டிலும்கூடப் பால்பொடி இருக்கலாம். 2022-இல் எஃப்எஸ்எஸ்ஏஐ வீகன் உணவுக்குத் தனி விதிமுறை கொண்டுவந்தது. பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் இலையும் உள்ள முத்திரை அதற்கானது. தேனும் வீகன் கணக்கில் சேராது.

இனி சொல்லப்போவதைத் தட்டிக்கழிக்காதே. பி12 தாவர உணவில் நம்பும்படியாகக் கிடைக்காது. கல்லீரல் அதைச் சேமித்து வைத்திருப்பதால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடாது. ஆனால் நம் ஊரில் பலருக்கு ஏற்கெனவே அளவு குறைவு. தொடங்குவதற்கு முன் பி12, ஹீமோகுளோபின் இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. குறைவாக இருந்தால் டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு தொடங்கு. ஒரு மாதத்துக்குப் பிறகும் தொடர்வதாக இருந்தால் மாத்திரை கட்டாயம். கேப்ஸ்யூல் ஓடு ஜெலட்டினாக இருக்கலாம், வாங்கும்போது கேள். உன்னோடு சேர்ந்து செய்கிறேன் என்கிற தோழி கர்ப்பமாக இருந்தாலோ, பாலூட்டினாலோ, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுத்தாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. மெட்ஃபார்மின் நீண்டநாள் எடுப்பவர்களுக்கு பி12 குறையும். உப்பு அயோடின் சேர்த்ததாகவே இருக்கட்டும்; கல் உப்பு, இந்துப்பு என்று மாறிவிடாதே.

முதல் வாரம் பயறு கூடுவதால் வயிறு உப்பும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவை, இஞ்சியும் பெருங்காயமும் சேர், அளவை மெதுவாகக் கூட்டு. சரியாகிவிடும். யாராவது பிறந்தநாள் கேக்கை நீட்டினால் வாங்கி வேறு ஒருவருக்குக் கொடு, சண்டை வேண்டாம். கோயில் பாயசத்தை அம்மா ஆசையாக அனுப்பினால் என்ன செய்வது என்று நீயே முடிவு செய், அதில் நான் தலையிடமாட்டேன்.

மாதம் முடிந்த அன்றே பிரியாணி என்று கிளம்பாதே. முதல் நாள் அரை டம்ளர் மோர் குடி. வயிறு ஒத்துழைத்தால் மறுநாள் தயிர். எது இல்லாமல் நன்றாக இருந்தாய், எது இல்லாமல் கஷ்டப்பட்டாய் என்று அந்த வாரத்தில்தான் உனக்குத் தெளிவாகத் தெரியும். பால் வேண்டாம், தயிர் மட்டும் போதும் என்று தோன்றினால் அப்படியே வைத்துக்கொள். மீன் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, வைத்துத் தருகிறேன். தொடரப்போகிறாய் என்றாலும் வா. வன்பயறு ஒரு கிலோ கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன்.