கண்டியில் ஒரு சங்கத்துக்கான திட்டமிடலும் இடர் மதிப்பீடும்: தொடக்கநிலை வழிகாட்டி

2025 நவம்பர் 22இல் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டது. ஒரு வாரம் கழிவதற்குள் ‘டித்வா’ புயல் வந்து, மலைநாட்டில் வீதி, ரயில், மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றையும் முடக்கிப் போட்டது. இந்தப் பக்கத்தில் இயங்கும் சனசமூக நிலையமோ, கோயில் பரிபாலன சபையோ, சிறு அச்சகமோ இனி எழுதும் எந்தத் திட்டமும் இதற்கு முகம் கொடுக்கத்தான் வேண்டும்.

முதல் படி: நோக்கம் ஒரே வசனத்தில்

“சமூக மேம்பாடு” என்று எழுதினால் போதாது. “கம்பளையில் 60 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, மூன்று ஆண்டில் 100” என்பதுபோல் எழுதுங்கள். அந்த வகுப்பை எது நிறுத்துமோ அதுவே உங்கள் இடர். ஐ.எஸ்.ஓ. 31000 தரநியமமும் இடரை நோக்கத்தோடு பொருத்தியே வரையறுக்கிறது.

இரண்டாம் படி: ஊர் கண்டவற்றைப் பட்டியலிடுங்கள்

கற்பனை தேவையில்லை. 1998 ஜனவரியில் தலதா மாளிகைக் குண்டுவெடிப்பு, 2018 மார்ச்சில் திகன வன்முறையும் ஊரடங்கும், 2020இல் கொரோனா, 2022இல் எரிபொருள் வரிசை. ஒவ்வொன்றும் மறுபடி வந்தால் வகுப்பு நடக்குமா என்று மூத்த அங்கத்தவர்களிடம் கேளுங்கள்.

உள்ளே இருக்கும் இடரைத்தான் பலர் எழுதத் தயங்குகிறார்கள். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவர் ஒருவரே, கணக்கு விபரம் அறிந்தவரும் அவரே. அவர் நோயில் விழுந்தால்? மனம் நோகுமே என்று இதை விடாதீர்கள்.

மூன்றாம் படி: புள்ளி போடுங்கள்

நிகழும் வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5. இரண்டையும் பெருக்குங்கள். மகாவலி ஓரக் கட்டடத்தில், அலுமாரியின் கீழ்த்தட்டில் அங்கத்தவர் பதிவேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெள்ள வாய்ப்பு 4, பாதிப்பு 5, ஆக 20. பக்கம் பக்கமாகப் படமெடுத்து, வேறு வேறு ஊரில் உள்ள இருவரிடம் கொடுத்து, பதிவேட்டை மேட்டிலுள்ள ஒரு வீட்டுக்கு மாற்றுங்கள். வெள்ளம் வரும் வாய்ப்பு அப்படியே 4தான். பாதிப்பு 1க்கு இறங்கிவிடும். கிட்டத்தட்டச் செலவே இல்லை.

நான்காம் படி: எப்போது, யார்

என் பார்வையில் முழுத் திட்டமும் நிற்பது இந்தப் படியில்தான். “நிர்வாக சபை பார்த்துக்கொள்ளும்” என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஒருவர் பெயரையும் அவருக்குப் பதிலாள் பெயரையும் எழுதுங்கள்.

எப்போது அசைவது என்பதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அளவுகோல் கைவசம் இருக்கிறது: 24 மணி நேர மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு. மஞ்சளிலேயே செயலாளர் வகுப்பை நிறுத்தட்டும். செம்மஞ்சளில் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறியே ஆகவேண்டும். கூட்டம் கூட்டிப் பேச அப்போது நேரமிராது. தொலைபேசி வேலை செய்யாது என்று எண்ணி, சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: பணமும் மீள்பார்வையும்

வரவு செலவுத் திட்டத்தில் இடருக்கென ஒரு வரி ஒதுக்குங்கள். தென்மேல் பருவமழைக்கு முன் ஏப்ரலிலும், ஒக்டோபர் மழைக்கு முன் செப்டெம்பரிலும் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இடம்மாறிப் போனவர்களின் பெயரை நீக்கிப் புதியவரை நியமியுங்கள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதலாவதாகச் சேர்க்கும்படி உங்கள் செயலாளரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.