சின்சில்லாவா, சின்சில்லா முயலா? மதுரை வெயிலில் தத்தெடுப்போருக்கு ஒரு வழிகாட்டி

"சின்சில்லா ஒண்ணு இருக்கு, பாத்துக்க ஆளில்ல, நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்று மதுரையில் யாராவது கேட்டால், பதில் சொல்வதற்கு முன் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பெயரில் இங்கே இரண்டு விலங்குகள் கைமாறுகின்றன.

ஒன்று, தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைச் சேர்ந்த கொறிவிலங்கு. எடை சுமார் அரைக் கிலோ. வட்டமான பெரிய காது, நீண்ட புசுபுசு வால், இரு கைகளுக்குள் அடங்கிவிடும் உடம்பு. மற்றது சோவியத் சின்சில்லா என்ற முயல் இனம். நல்ல சாம்பல் ரோமம், நீளக் காது, வளர்ந்தால் 4, 5 கிலோ. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் இருக்கும் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையமும், நீலகிரியின் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையமும் வளர்த்துப் பரப்பிய இனம் இது. அதனால் நம் பக்கத்து முயல் பண்ணைக்காரர் சின்சில்லா என்றால் பெரும்பாலும் முயலைத்தான் சொல்கிறார். பண்ணையை மூடும்போது மிஞ்சியது, குழந்தைக்கு வாங்கிக் கொடுத்து ஆசை தீர்ந்ததும் கூண்டோடு ஒதுக்கப்பட்டது என்று தத்துக்கு வருவதும் அதிகம் முயல்தான்.

இரண்டுக்கும் வேண்டிய வீடு வேறு, செலவு வேறு, ஆயுளும் வேறு. முயல் எட்டுப் பத்து ஆண்டு வாழும். உண்மையான சின்சில்லா 10 முதல் 20 ஆண்டு வரை இருக்கும். எது அழகு, எது சாதுவானது என்று ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். மதுரையில் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். மே மாதம், மதியம் இரண்டு மணி, கரண்ட் இல்லை. அப்போது உங்கள் வீட்டின் எந்த அறை எத்தனை டிகிரியில் இருக்கும்?

இதை ஊகிக்க வேண்டாம். ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறிய அறை வெப்பமானி வாங்கி, கூண்டு வைக்க நினைக்கும் இடத்தில் இரண்டு வாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். விலங்கு வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

ஆண்டிஸ் சின்சில்லா

இதன் ரோமம்தான் இதற்குக் கேடாக வந்தது. ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட முடிகள் முளைக்கும். அந்தத் தோலுக்காக வேட்டையாடியே இனத்தை ஏறக்குறைய அழித்துவிட்டார்கள். சிலி நாட்டில் இல்லாபெல் அருகே மிச்சமிருக்கும் கூட்டங்களைக் காக்க 1983இல் ஒரு தேசியக் காப்பகமே அமைக்க வேண்டி வந்தது. இன்று உலகெங்கும் வீடுகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை, மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் 1923இல் சிலியிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோன ஏறக்குறைய ஒரு டஜன் விலங்குகளின் வழி வந்தவை. அவர் அவற்றை மலையிலிருந்து ஒரே மூச்சில் இறக்கவில்லை. மாதக்கணக்கில் படிப்படியாக இறக்கிப் பழக்கினார். கப்பலில் ஐஸ் வைத்துக் குளிரூட்டினார்.

நூறு ஆண்டுக்குப் பின்னும் அந்த உடம்பு மாறவில்லை. அதற்கு வியர்க்காது. 10 முதல் 20 டிகிரி வரை சுகமாக இருக்கும். 25ஐத் தாண்டினால் ஆபத்து, காற்றில் ஈரம் இருந்தால் அதற்கும் முன்பே. இனி மதுரையைப் பாருங்கள். மே மாதத்தில் பகல் 40ஐத் தொடுகிறது, இரவும் சராசரியாக 26க்குக் கீழே இறங்குவதில்லை. மார்கழி, தை மாதங்களில்கூடப் பகல் வெயில் 30ஐ ஒட்டி வந்துவிடும். அதாவது இந்த ஊரில் ஆண்டின் எந்த மாதத்திலும் ஏசி இல்லாத அறையில் சின்சில்லா பகலைக் கழிக்க முடியாது. "கோடையில மட்டும் ஏசி போட்டுக்கலாம்" என்ற கணக்கு தப்புக் கணக்கு.

ஏர் கூலர் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. கூலர் காற்றை ஈரமாக்கித்தான் குளிர வைக்கிறது. அடர்ந்த ரோமத்துக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், உடம்புச் சூடும் வெளியேறாது. ஃபேனால் பயன் மிகக் குறைவு, ஏனென்றால் வியர்வை இல்லாத உடம்பில் காற்று பட்டு உலர எதுவும் இல்லை. ஆக, ஏசி மட்டும்தான். ஒரு சிறிய அறையை 22 டிகிரியில் இரவு பகலாக வைத்திருந்தால், இயந்திரத்தையும் அறையையும் பொறுத்து நாளுக்குப் பத்துப் பதினைந்து யூனிட் ஓடும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மாத மின்கணக்கில் 600 முதல் 900 யூனிட் கூடும். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும்.

பணத்தைவிடப் பெரிய இடைஞ்சல், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலையில் நிறுத்தினால் மாலை வரை வராத நாட்கள் உண்டு. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்கள் ஃபேனையும் லைட்டையும் ஓட்டும், ஏசியை ஓட்டாது. அறிவிப்பு முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும் என்பது நல்ல விஷயம். அந்த நாளுக்கு, மின்தடை இல்லாத வேறொரு பகுதியில் ஏசி அறை தரக்கூடிய உறவினரையோ நண்பரையோ இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டர் உள்ள அடுக்குமாடியில் இருப்பவர்கள், அது பொது விளக்குக்கும் லிஃப்ட்டுக்கும் மட்டுமா, உங்கள் ஏசி இணைப்புக்கும் சேர்த்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறைய உறவினர் தங்கும் நாட்கள்தான் வெயிலின் உச்சமும். அந்த நாட்களில் யார் வேண்டுமானாலும் கதவைத் திறந்து வைக்கும் அறையாக அது இருக்கக் கூடாது.

காது சிவந்து சூடாக இருந்தால், வாயில் எச்சில் வழிந்தால், பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால், அது வெப்பத் தாக்கம். உடனே குளிர்ந்த அறைக்கு மாற்றி, துணி சுற்றிய ஐஸ் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

இத்தனைக்கும் தயார் என்றால், மற்றவை எளிது. சாப்பாட்டில் பெரும்பங்கு காய்ந்த புல். கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கும் டிமோதி புல் நல்லது. கொஞ்சம் பெல்லட் தீவனம், சுத்தமான தண்ணீர். உலர்திராட்சை, முந்திரி, வாழைப்பழம் எதுவும் வேண்டாம். அதன் குடல் அவற்றைத் தாங்காது. தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது. சின்சில்லாவுக்கென்றே விற்கும் நுண்தூளில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை புரள விடுங்கள். வைகை மணல், கோலமாவு, டால்கம் பவுடர் எதுவும் அதற்கு மாற்று ஆகாது. கம்பித் தரையில் பாதம் புண்ணாகும், பலகை போடுங்கள். வாலையோ முதுகையோ பிடித்துத் தூக்கினால் பயத்தில் ரோமத்தைக் கொத்தாக உதிர்த்துவிடும். கீழிருந்து இரு கையால் ஏந்த வேண்டும். பகலில் தூங்கி, மாலைக்கு மேல் விழிக்கும் விலங்கு இது. பகலில் விளையாட ஆசைப்படும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆவண விஷயமும் முக்கியம். அயல்நாட்டு விலங்குகளைப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபடும் செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். காட்டுச் சின்சில்லா, அழிவை எதிர்நோக்கும் உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. வீட்டில் பல தலைமுறையாக வளர்ந்த வகைக்கு அதில் விலக்கு உண்டு. ஆனாலும் எங்கே பிறந்தது, யாரிடமிருந்து வந்தது என்பதைத் தருபவரிடம் எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுவிட்டு எடுங்கள்.

வீட்டில் இதற்கெல்லாம் வழியில்லை, ஆனால் விலங்கு கைவிடப்பட்டு நிற்கிறது என்றால், மறுப்பதும் ஏற்பதும் தவிர நடுவே ஒரு வழி உண்டு. சில நாள் மட்டும் ஏசி அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டு, குளிர்ந்த ஊரில் நல்ல வீடு தேடிக் கொடுங்கள். கொடைக்கானலில் மே மாதப் பகலே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மதுரையிலிருந்து மூன்று நான்கு மணி நேரப் பயணம். விடியலுக்கு முன் காரில் கிளம்புங்கள், வத்தலக்குண்டு தாண்டி மலையேறிக் குளிர் வரும்வரை ஏசியை நிறுத்தாதீர்கள். பஸ் வேண்டாம்.

சின்சில்லா முயல்

மதுரையில் முதன்முறையாக ஒரு சிறு விலங்கைத் தத்தெடுப்பவருக்கு என் முதல் தேர்வு இதுதான். காரணம், இதன் தேவைகளை இந்த ஊரால் பெருமளவு நிறைவேற்ற முடியும். ஆனாலும் மன்னவனூரும் சாண்டிநல்லாவும் மலை ஊர்கள் என்பதை மறக்க வேண்டாம். முயலும் குளிர்விரும்பிதான். 30 டிகிரியைத் தாண்டினால் வாடும், 35க்கு மேல் உயிருக்கு ஆபத்து. சின்சில்லாவோடு ஒப்பிட்டால் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி ஐந்து முதல் பத்து டிகிரி. அந்த இடைவெளியை ஏசி இல்லாமலும் கவனத்தால் நிரப்ப முடியும்.

மொட்டை மாடியில் தகர ஷீட்டுக்குக் கீழே கூண்டு வைத்தால் வெயில் முயலைக் கொன்றுவிடும். தரைத்தளத்தில் வடக்குப் பார்த்த அறை நல்லது. கடப்பாக் கல் தரை இருந்தால் முயல் அதில் வயிறு படப் படுத்துக்கொள்ளும். இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, கோணித் துணி சுற்றி, காலை பதினோரு மணிக்கு ஒன்றும் இரண்டு மணிக்கு ஒன்றும் கூண்டில் வையுங்கள். காதை ஈரத்துணியால் தடவிவிட்டு ஃபேன் போடலாம், முயல் காதின் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. பங்குனி, சித்திரையின் வறண்ட காற்றில் ஜன்னல் திறந்த அறையில் ஏர் கூலர் முயலுக்கு உதவும். ஐப்பசி மழையில் வேண்டாம்.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் இடவசதியோடு இருப்பவர்கள் வேப்பமர நிழலில் தென்னங்கீற்றுக் கொட்டகை போடலாம். பகல் வெப்பத்துக்கு அது நகரத்துக் கான்கிரீட் அறையைவிட நல்லது. ஆனால் தெருநாய், கீரி, பாம்பு மூன்றையும் தடுக்க நெருக்கமான கம்பி வலையும் இரவுப் பூட்டும் கட்டாயம். நாய் கூண்டைச் சுற்றி வந்தாலே அதிர்ச்சியில் இறந்துபோகும் முயல்கள் உண்டு.

தீவனத்தில் மதுரைக்காரருக்குக் குறையே இல்லை. அருகம்புல், நிழலில் உலர்த்திய கொழுக்கட்டைப் புல், முருங்கைக் கீரை, மல்லித்தழை எல்லாம் கிடைக்கும். புல்தான் பிரதானம், கேரட் எப்போதாவது ஒரு துண்டு. குதிரை மசாலும் வேலிமசாலும் குட்டிக்கு நல்லவை, வளர்ந்த முயலுக்கு அளவாகப் போதும். மாட்டுத்தாவணிச் சந்தைக் கீரையில் மருந்து அடித்திருக்கலாம், நன்றாக அலசி உலர்த்திக் கொடுங்கள். வேலியோரத்து அரளி, எருக்கு, ஊமத்தை ஒரு இலைகூட வாயில் படக் கூடாது.

பண்ணையிலிருந்து வந்த முயலின் காதுக்குள் முதலில் பாருங்கள். பழுப்புப் பொருக்கு இருந்தால் சொறிப் பூச்சி. மருத்துவரின் ஊசியில் குணமாகும், வேப்பெண்ணெயை ஊற்றிச் சமாளிக்க வேண்டாம். பாதத்தின் அடியில் புண் இருக்கிறதா, முன்பற்கள் நேராக ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்து எடுக்காதீர்கள். 31 நாளில் குட்டி போடும்.

வயல் அறுவடையில் கிடைத்த குட்டி என்று யாராவது முயலைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது காட்டு முயல், சட்டப்படி வீட்டில் வளர்க்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கினி பிக்

சின்சில்லா, முயல் இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவதாக ஒன்று உண்டு. இடம் குறைவு, பிள்ளைகள் உண்டு என்றால் இது. ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும், அதிகம் கடிக்காது, பகலிலும் விழித்திருக்கும். வெப்பத்தை இதுவும் தாங்காது, முயலுக்குச் சொன்ன வெப்பப் பாதுகாப்பு இதற்கும் வேண்டும். ஒன்றே ஒன்று கூடுதல்: நம்மைப் போலவே இதன் உடம்பால் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. தினமும் கொய்யாத் துண்டோ குடைமிளகாயோ கொத்துமல்லியோ கொடுக்காவிட்டால் மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போகும். தனியே வாடும், ஒரே பாலில் இரண்டாக எடுங்கள். பெண் குட்டி பிறந்த ஒரு மாதத்திலேயே சினையாகலாம் என்பதால், ஆணா பெண்ணா என்று மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்வது நல்லது.

வந்த முதல் வாரம்

மூன்றில் எது வந்தாலும் முதல் மூன்று நான்கு நாள் தூக்காதீர்கள், அண்டைவீட்டாரைக் கூட்டிக் காட்டாதீர்கள். பழைய வீட்டில் எதைத் தின்றதோ அதையே கொடுத்து, பத்து நாளில் மெல்ல மாற்றுங்கள். சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ அதுதான் முதல் நோய் அறிகுறி. முயல் அதிகாலையில் மிருதுவான ஒருவகைப் புழுக்கையைத் தானே தின்னும். அது இயல்பு, தடுக்காதீர்கள்.

மருத்துவரை விலங்கு வருவதற்கு முன்பே தேர்ந்தெடுங்கள். நகரில் நாய், பூனை பார்ப்பவர்கள் நிறைய. "முயல், கினி பிக் பார்த்திருக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். இல்லை என்று வெளிப்படையாகச் சொல்பவர் நல்லவர், அவரிடமே யாரிடம் போகலாம் என்று கேட்கலாம். சிக்கலான சிகிச்சைக்குத் தேனியிலும் திருநெல்வேலி ராமையன்பட்டியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நாய்க்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை இந்த மூன்றில் எதற்கும் வாய்வழி கொடுக்காதீர்கள். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்று விலங்கையும் கொன்றுவிடும். லின்கோமைசின், கிளிண்டாமைசினும் அப்படித்தான். உண்ணிக்கு நாய் மேல் தெளிக்கும் ஃபிப்ரோனில் முயலுக்கு விஷம். முயலோ சின்சில்லாவோ கினி பிக்கோ பன்னிரண்டு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருந்தால், நள்ளிரவானாலும் மருத்துவரை எழுப்புங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.